டொக்டர் பதில்கள்: மருந்தடிக்கும் ஆண்களுக்கு

சென்ற இதழில் ஒரு வாசகருக்கு இரண்டு வரியில் பதில் எழுதியிருந்தேன்: "வயலுக்கு மருந்தடிக்கிறவர் சிறுநீரில் இரத்தம் கண்டால், வெயில் சூடு என்று இளநீர் குடித்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது." அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்கள் ஒரு கட்டு. மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், நிலாவெளி என்று திருகோணமலை மாவட்டத்தின் எல்லாப் பக்கமிருந்தும். எழுதியவர்களில் நிறையப் பேர் பெண்கள். கேட்டதோ கணவனுக்காக, தகப்பனுக்காக. ஆண்களுக்குத் தங்கள் உடம்பைப் பற்றி எழுத இன்னும் கூச்சம் போலும். சரி, வயல் மருந்தும் புற்றுநோயும்: இந்த முறை பக்கம் முழுவதும் இதற்கே.

கேள்வி: எனக்கு 46 வயது. சொந்த வயல் இல்லை. கூலிக்கு மருந்தடிக்கிறேன். சிறுபோகம், பெரும்போகம் இரண்டிலும் யார் கூப்பிட்டாலும் போவேன். இருபது வருஷத் தொழில். அப்பாவுக்கு 68 வயதில் புரொஸ்டேட் புற்றுநோய் வந்தது. அவரும் மருந்தடித்தவர்தான். வாட்ஸ்அப்பில் களைநாசினியால் புற்றுநோய் வரும் என்று அனுப்புகிறார்கள். மருந்துக் கடைக்காரர் "அதெல்லாம் சும்மா கதை" என்கிறார். யார் சொல்வது உண்மை?
— மூதூர் வாசகர்

பதில்: தம்பி, இருவரும் தங்களுக்கு வசதியான பாதியைச் சொல்கிறார்கள்.

அமெரிக்காவில் அயோவா, வட கரோலைனா என்ற இரண்டு மாநிலங்களில் 1993இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். மருந்தடிக்க அனுமதிப்பத்திரம் எடுத்தவர்கள், அவர்களுடைய மனைவிமார், எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 89,000 பேர். என்ன மருந்து, எத்தனை வருஷம், வருஷத்தில் எத்தனை நாள், கையுறை போட்டீர்களா, மெசினை நீங்களே திருத்துவீர்களா என்று துருவித் துருவிக் கேட்டு எழுதிக்கொண்டு, பிறகு வருஷக்கணக்காக அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். எல்லாப் புற்றுநோயையும் சேர்த்துப் பார்த்தால், விவசாயிகளுக்கு ஊராரைவிடக் குறைவாகத்தான் வந்திருந்தது. அவர்கள் புகைப்பது குறைவு. உடம்பு வணங்கி வேலை செய்கிறவர்கள். கடைக்காரர் பிடித்துக்கொண்டிருக்கும் பாதி இதுதான்.

ஆனால் புரொஸ்டேட், அதாவது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி, அதில் வரும் புற்றுநோய் மட்டும் அந்தக் கணக்கில் அடங்கவில்லை. 2003இல் வெளிவந்த முடிவின்படி, எதிர்பார்த்ததைவிட 14 வீதம் கூடுதலாக இருந்தது. இதை "நூறு பேரில் 14 பேருக்கு வரும்" என்று வாசித்துவிடாதீர்கள். அந்த வயதுக்காரர்களில் நூறு பேருக்கு வரவேண்டிய இடத்தில் 114 பேருக்கு வந்தது, அவ்வளவுதான். இன்னும் பத்து வருஷம் கழித்து அதே ஆய்வு, வேகமாகப் பரவும் வகைப் புரொஸ்டேட் புற்றுநோயை மலத்தியன் முதலான சில மருந்துகளோடு சேர்த்துச் சொன்னது.

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் அப்பாவைப் பற்றிய வரி. அந்த 2003 முடிவிலேயே ஒரு விசயம் இருந்தது. குளோர்பைரிபொஸ் உட்பட ஆறு மருந்துகளைப் பாவித்தவர்களில், குடும்பத்தில் ஏற்கெனவே புரொஸ்டேட் புற்றுநோய் இருந்தவர்களிடம்தான் ஆபத்து கூடித் தெரிந்தது. அப்பாவுக்கோ கூடப்பிறந்தவருக்கோ இருந்தால், மருந்தே தொடாதவருக்கும் ஆபத்து இரட்டிப்பாகும். ஆகவே நீங்கள் ஐம்பது வயது ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை வைத்தியரிடம் எதற்குப் போனாலும் "அப்பாவுக்கு இருந்தது, நானும் மருந்தடிக்கிறவன்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லி, புரொஸ்டேட்டிலிருந்து இரத்தத்தில் கலக்கும் ஒரு புரதத்தை அளக்கும் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை எடுக்கலாமா என்று கேளுங்கள்.

வாட்ஸ்அப் பாதிக்கு வருவோம். பிரான்சின் லியோன் நகரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இருக்கிறது. 2015 மார்ச்சில் கிளைபொசேற் என்ற களைநாசினி, மலத்தியன், டயசினோன் என்ற பூச்சிநாசினிகள் மூன்றையும் "அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது" என்ற 2ஏ பிரிவில் அது போட்டது. மூன்றையும் ஒரே நாளில்! நம் ஊரில் கிளைபொசேற்றின் பெயர் மட்டும் பிரபலமாகிவிட்டது. அதே வருஷம் இலங்கையில் அதைத் தடை செய்ததற்குப் பின்னால் பெரும்பாலும் இருந்தது சிறுநீரக நோய்ப் பயம். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விட்டார்கள், 2022இல் தடையே போனது. இத்தனைக்கும் நான் மேலே சொன்ன அமெரிக்க ஆய்வு, 2018இல் கிளைபொசேற்றைத் தனியாகப் பார்த்தபோது, லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயோடு தெளிவான தொடர்பைக் காணவில்லை. மலத்தியனைப் பற்றி யாரும் வாட்ஸ்அப் அனுப்புவதில்லை.

இன்னொன்று. 2ஏ என்பது சான்று எவ்வளவு பலமானது என்பதற்கான வகுப்பு. மருந்து எவ்வளவு கொடியது என்பதற்கான வகுப்பு அல்ல. 65 பாகைக்கு மேல் சூடான பானம் குடிப்பதும் அதே 2ஏதான். கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணீர் குடிக்கும் எங்கள் ஊர்க் கிழவர்கள் இதைக் கேட்டால் என்னை அடிக்க வருவார்கள்.

உங்களுக்கு இதைவிட முக்கியமானது அளவு. வயல்காரர் தன் இரண்டு ஏக்கருக்கு ஒரு போகத்தில் சில நாள்தான் அடிப்பார். நீங்கள் வட்டை வட்டையாகப் போகிறீர்கள். ஊரில் பத்துப் பேர் உடம்பில் பிரிந்து ஏறவேண்டியது உங்கள் ஒருவர் உடம்பில் ஏறுகிறது. கூலி பேசும்போது உடுப்புக்கும் கையுறைக்கும் சேர்த்துப் பேசுங்கள். மருந்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவருக்கு ஒரு சோடி கையுறை வாங்கித் தர முடியாதா?

கேள்வி: டொக்டர், என் கணவர் வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டுதான் அடிக்கிறார். ஆனால் வீட்டுக்கு வரும்போது முதுகும் சாரமும் தொப்பலாக நனைந்திருக்கும். கேட்டால் "மெசின் கொஞ்சம் ஒழுகும், வியர்வையும்தான்" என்பார். அந்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு துவைக்கலாமா?
— தம்பலகாமம் வாசகி

பதில்: தங்கச்சி, வந்த கடிதங்களில் எல்லாவற்றையும்விடச் சரியான கேள்வி உங்களுடையது.

நான் பிறந்ததும் தம்பலகாமம்தான். வயல் நடுவில் வீடு. போன போகத்தில் பக்கத்து வயலில் ஒரு இளைஞன் மருந்தடிப்பதை வரம்பில் நின்று பார்த்தேன். பதினாறு லீற்றர் மெசின். மூடிக்குள் இருக்கவேண்டிய றப்பர் வொஷர் எப்போதோ போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு சொப்பிங் பையைக் கிழித்து வைத்து முறுக்கியிருந்தான். தூக்கி முதுகில் போடும்போதே மூடியோரம் குபுக்கென்று ஒரு கை மருந்து வழிந்து முதுகுத்தண்டில் இறங்கியது. அவன் திரும்பியும் பார்க்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் தாங்கி குலுங்க, கொஞ்சம் கொஞ்சமாக வழிந்துகொண்டே இருந்தது. மடித்துக் கட்டிய சாரத்தின் இடுப்பு மடிப்பு அதை ஒரு திரி மாதிரி இழுத்துக்கொண்டது. இரண்டாவது தாங்கி முடியும்போது சாரம் பின்பக்கம் முழுவதும் ஊறி, தொடையோடு ஒட்டியிருந்தது. முகத்தில் மட்டும் கொரோனாக் காலத்து மாஸ்க் ஒன்று, நல்ல சுத்தமாக. நடுவில் நொசில் அடைத்துக்கொண்டது. மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டு, நொசிலைக் கழற்றி வாயில் வைத்து ஊதினான்.

வயல் மருந்து உடம்புக்குள் போவது பெரும்பாலும் மூக்கால் இல்லை, தோலால். தோலும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. 1971இல் அமெரிக்காவில், பரத்தியன் என்ற பூச்சிநாசினியை ஆண்களின் உடம்பில் வெவ்வேறு இடங்களில் துளியளவு பூசி, எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். முன்கையில் பூசியதில் 8.6 வீதம் உள்ளே போனது. உள்ளங்கையில் 12 வீதம் மட்டில். நெற்றியில் 36. அக்குளில் 64. விதைப்பையில் பூசியது ஏறத்தாழ முழுவதும் போய்விட்டது. முன்கையைவிடப் பன்னிரண்டு மடங்கு.

இனி அந்த நனைந்த சாரத்தை நினைத்துப் பாருங்கள். முதுகால் வழிவது எங்கே போய்ச் சேர்கிறது? பத்திரிகையில் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதித்தான் ஆகவேண்டும். உங்கள் கணவர் கட்டவேண்டியது வாயை அல்ல, இடுப்புக்குக் கீழே.

முதலில் வொஷர். பெரிய காசு இல்லை. மெசினைத் தோளில் போடுமுன் வெறும் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சொட்டு ஒழுகினாலும் அன்று மருந்து இல்லை. தாங்கியை விளிம்புவரை நிரப்பவும் வேண்டாம். சாரம் வேண்டாம், நீளக் காற்சட்டை, முழுக்கைச் சட்டை. முழு உடுப்பும் கண்ணாடியும் போட்டு அடி என்று புத்தகத்தில் எழுதுகிறவர்கள் நம் ஊர் வைகாசி வெயிலில் ஒரு மணித்தியாலம் அதைப் போட்டு நடந்து பார்க்கட்டும். அதனால் நான் கேட்பது ஒன்றே ஒன்று: முதுகுக்கும் தாங்கிக்கும் நடுவே, கழுத்திலிருந்து முழங்கால் மடிப்புவரை தொங்கும்படி தடித்த பொலித்தீன் ஒன்று. பசளைப் பையின் உள்பையை நன்றாகக் கழுவி வெட்டினாலும் போதும். அங்கே சூடு கொஞ்சம் கூடும், ஆனால் தாங்கலாம். கையுறை என்றால் றப்பர். துணிக் கையுறை மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அதற்கு வெறுங்கையே மேல்.

கச்சான் காற்று எழும்புமுன் காலையிலேயே அடித்து முடிக்க வேண்டும். காற்று முதுகுப் பக்கம் இருக்கவேண்டும். அடித்த பயிருக்குள் நடக்காமல், அடிக்காத பக்கமாக விலகி விலகிப் போகவேண்டும். நொசிலுக்கு ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ் சட்டைப் பையில் இருக்கட்டும்.

உடுப்பு விசயம். பிள்ளைகளின் உடுப்போடு வேண்டவே வேண்டாம். அன்றன்றே, தனி வாளியில், நிறையச் சவர்க்காரம் போட்டு இரண்டு முறை. நீங்களும் கையுறை போடுங்கள். முதல் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றாதீர்கள், கிணற்றடியிலும் ஊற்றாதீர்கள். பிறகு நல்ல வெயிலில் காயவிடுங்கள். முதுகில் ஒருமுறை முழுத் தாங்கியும் கொட்டிய உடுப்பு என்றால் துவைக்கக்கூட வேண்டாம், போகட்டும். அவர் பிள்ளையைத் தூக்குவது குளித்த பிறகு.

கேள்வி: நான் மலேரியா ஒழிப்பு இயக்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். வயது 75. ஆரம்பத்தில் டி.டி.ரி., பிறகு மலத்தியன், வீடு வீடாகச் சுவருக்கு அடித்தோம். அந்த நாளில் கையுறை ஏது, ஒன்றும் ஏது. இப்போது இரவில் மூன்று நாலு தரம் எழும்ப வேண்டியிருக்கிறது. அந்த டி.டி.ரி. இன்னும் என் உடம்பில் இருக்குமா? இது அதன் வேலையா?
— திருகோணமலை நகர வாசகர்

பதில்: அண்ணன், சின்ன வயதில் எங்கள் வீட்டுச் சுவரில் வெள்ளையாய்ப் படிந்திருந்த அந்த மருந்தை நீங்களே அடித்திருக்கவும் கூடும். அம்மா மூன்று நாள் கூட்டவே விடமாட்டா. 1963இல் இந்த நாட்டில் மலேரியா நோயாளிகள் வெறும் 17 பேராகக் குறைந்ததும், வேலையைத் தளர்த்தியதும் நாலைந்து வருஷத்தில் லட்சக்கணக்கில் திரும்பி வந்ததும் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2016இல் இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தபோது மேடையில் யார் யாரோ நின்றார்கள். பம்ப் தூக்கினவர்களைக் காணவில்லை.

டி.டி.ரி. கொழுப்பில் தங்கும், வருஷக்கணக்கில் மெதுவாகத்தான் குறையும். ஆனால் அரை நூற்றாண்டுக்கு முந்தியதில் மிஞ்சியிருப்பது சொற்பம். அதுவும் 2ஏ பிரிவுதான். அதைச் சேர்த்துப் பேசுவது லிம்போமா, ஈரல், விதை ஆகிய இடத்துப் புற்றுநோய்களோடு. புரொஸ்டேட்டோடு சேர்த்துப் பேசப்படுவது நீங்கள் பிறகு அடித்த மலத்தியன். அந்தச் சான்றும் இன்னும் முழுமையானது அல்ல.

இரவில் எழும்புவதற்கு 75 வயதில் முதல் காரணம் வயதோடு வரும் சாதாரணப் புரொஸ்டேட் வீக்கம். அது புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. நீரிழிவும் இரவில் எழுப்பும், ஆகவே சீனியையும் பாருங்கள். பி.எஸ்.ஏ. எடுத்து 4க்கு மேல் வந்தால் இடிந்துபோக வேண்டாம். 4க்கும் 10க்கும் நடுவில் வந்தவர்களுக்கு மேற்கொண்டு சோதித்தால், நாலு பேரில் ஒருவருக்கு மட்டில்தான் புற்றுநோய் இருக்கும். சிறுநீர்த் தொற்று இருந்தாலும் அந்த எண் ஏறும். எழுபதுக்கு மேல், ஒரு தொந்தரவும் இல்லாதவர் சும்மா பி.எஸ்.ஏ. எடுப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. உங்களுக்குத் தொந்தரவு இருக்கிறது, எடுக்கலாம். இடுப்பெலும்பில் அல்லது முதுகில் இரவில் விடாத வலி இருந்தால் மட்டும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: 2021இல் இரசாயன மருந்தெல்லாம் தடை செய்தார்களே. அந்த வருஷத்தால் புற்றுநோய் குறைந்திருக்கும்தானே?
— சேருவில வாசகர்

பதில்: சித்திரைக்குப் பிறகு தொடங்கி கார்த்திகையில் கைவிட்ட தடை. புற்றுநோய் உருவாக பத்து, இருபது, முப்பது வருஷம் எடுக்கும். ஆறேழு மாதத்தில் குறைந்தது விளைச்சல்தான். லேபல் இல்லாத போத்தலில் கள்ளமாக வாங்கி அடித்தவர்கள் என்ன அடித்தோம் என்றே அறியாமல் அடித்தார்கள். அது எனக்கு இன்னும் பயம்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் டொக்டர். கல்யாணம் முடித்து மூன்று வருஷம், பிள்ளை இல்லை. மனைவிக்கு எல்லாச் சோதனையும் சரி. எனக்கு உயிரணு குறைவு என்று வந்திருக்கிறது. பதினெட்டு வயதிலிருந்து வாப்பாவோடு வயலில் மருந்தடிக்கிறேன். இதுதான் காரணமா? பின்னால் புற்றுநோயும் வருமா?
— பெயர் வேண்டாம், கிண்ணியா

பதில்: வஅலைக்கும் ஸலாம், தம்பி. மனைவியை மட்டும் சோதனைக்கு அனுப்பிவிட்டு இருக்காமல் நீங்களும் போனீர்களே, அதற்கு முதல் பாராட்டு.

மருந்து ஆணின் உயிரணுவைப் பாதிக்கும் என்பது வெறும் ஊகம் இல்லை. 1977இல் கலிஃபோர்னியாவில் டி.பி.சி.பி. என்ற புழுநாசினி தயாரிக்கும் ஆலையில், தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசும்போதுதான் கவனித்தார்கள், அங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகு யாருக்கும் பிள்ளை பிறப்பது அரிதாக இருந்தது. சோதித்தால் பலருக்கு உயிரணு மிகக் குறைவு, சிலருக்கு அறவே இல்லை. நிறுத்திய பிறகு சிலருக்குத் திரும்பியது, சிலருக்குத் திரும்பவில்லை. அந்த மருந்து இன்று நம் கடைகளில் இல்லை. இப்போதைய மருந்துகள் அந்த அளவுக்கு இல்லை என்றாலும், உங்கள் குறைவில் அவற்றுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். விதை நாளப் புடைப்பு, சின்ன வயதில் வந்த கூகைக்கட்டு, புகை என்று வேறு காரணங்களும் உண்டு. வைத்தியர் அவற்றையும் பார்க்கவேண்டும்.

புதிதாக உயிரணு உருவாக எழுபது நாளுக்கு மேல் ஆகும். ஆகவே ஒரு போகம் முழுக்க மருந்துப் பக்கம் போகாதீர்கள். கலந்து கொடுக்கும் வேலையும் வேண்டாம். மூன்று மாதம் கழித்து மறுபடி சோதியுங்கள். வாப்பாவிடம் காரணம் சொல்லக் கூச்சம் என்றால் "டொக்டர் தோல் அலர்ஜி என்றார்" என்று சொல்லுங்கள், இந்தப் பொய்க்கு நான் பொறுப்பு.

புற்றுநோய்க் கேள்விக்கு: உங்கள் வயது ஆண்கள் கவனிக்க வேண்டியது விதைப் புற்றுநோய். பதினைந்துக்கும் நாற்பதுக்கும் இடையில்தான் அது அதிகம். மருந்தைவிட உறுதியான காரணம், பிறக்கும்போது விதை இறங்காமல் இருந்திருப்பது. உம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். மாதம் ஒரு முறை குளிக்கும்போது தடவிப் பார்த்தால் போதும். வலி இல்லாத கட்டி, ஒரு பக்கம் கனம் என்றால் வெட்கப்படாமல் காட்டுங்கள். நேரத்தோடு காட்டினால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முழுதாகக் குணமாகும் நோய் அது.

கேள்வி: நான் சின்ன வெங்காயம் செய்கிறேன். சிவப்புப் பட்டி போட்ட போத்தலை வாங்குவதே இல்லை. பச்சை, நீலம் மட்டும்தான். நாலைந்து நாளைக்கு ஒருமுறை பூஞ்சண மருந்தையும் பூச்சி மருந்தையும் ஒன்றாகக் கலந்து அடிப்போம். பச்சை என்றால் பயமில்லைதானே?
— நிலாவெளி வாசகர்

பதில்: இந்தத் தப்பான நம்பிக்கை படித்தவர்களிடமும் இருக்கிறது. போத்தலில் ஓடும் வர்ணப் பட்டி சொல்வது, குடித்தாலோ மேலில் பட்டாலோ உடனே எவ்வளவு நஞ்சு என்பதை மட்டும். இருபது வருஷத்துக்குப் பிறகு என்ன என்பதை அது சொல்லாது. 2ஏ பிரிவில் இருக்கும் கிளைபொசேற்றும் மலத்தியனும் உலக சுகாதார நிறுவனத்தின் உடனடி நஞ்சுப் பட்டியலில் கீழ் வகுப்பில்தான் இருக்கின்றன. வெங்காயக்காரர்கள் பிடித்திருக்கும் மாங்கோசெப் என்ற பூஞ்சண மருந்து அதிலும் கீழே, பச்சை. ஆனால் ஹோர்மோனைக் குழப்பும், கருவைப் பாதிக்கும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் அதற்கு அனுமதியைப் புதுப்பிக்கவில்லை.

நம் நாட்டில் தடை செய்ததும் அதே கண்ணோடுதான். மொனோகுரோட்டபொஸ், மெத்தமிடபொஸ் 1995இல். எண்டோசல்பான் 1998இல். பரகுவாட் 2008 தொடக்கம் படிப்படியாக. எல்லாம் மனமுடைந்து குடித்தவர்கள் பிழைக்காமல் போனதால் செய்த தடை. வார்ட்டில் அந்த மரணங்களைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த நாடு சுகாதாரத்தில் செய்த உருப்படியான காரியங்களில் அதுவும் ஒன்று. நஞ்சு குடித்துச் சாகிறவர்கள் கண்முன்னே குறைந்தார்கள். ஆனால் தடையில் தப்பி மிஞ்சியவை புற்றுநோய்க்குச் சோதித்துத் தேர்ந்தவை என்று எண்ணிக்கொண்டால், அது நம் கற்பனை.

கலப்பதைப் பற்றி: ஒரு மருந்தில் இருக்கும் எண்ணெய்க் கரைசல் மற்ற மருந்தையும் தோலுக்குள் இலகுவாக இழுத்துக்கொண்டு போகும். கலக்கும்போதுதான் கையில் படுவது நீர்க்காத மருந்து என்பதையும் மறக்காதீர்கள். அடிப்பவரைவிடச் சில நேரம் கலப்பவருக்கே கூட ஏறும். நாலு நாளைக்கு ஒருமுறை என்று நாட்காட்டி பார்த்து அடிப்பதை விட்டு, இலையைப் பார்த்து அடியுங்கள். விவசாயப் போதனாசிரியரைப் பாத்தி வரை கூட்டிக்கொண்டு வந்து காட்டுங்கள். கடைக்காரரிடம் கேட்டால் அவர் எதையாவது விற்கத்தான் பார்ப்பார்.

கேள்வி: என் மாமா ஆயுள் முழுக்க மருந்தடித்தார், 90 வயதில் நித்திரையில் போனார். மருந்தே தொடாத சித்தப்பா வாய்ப் புற்றுநோயில் 52இல் போனார். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?
— வெருகல் வாசகர்

பதில்: சித்தப்பா வெற்றிலை போட்டாரா, அதில் புகையிலை இருந்ததா என்று கேட்கிறேன். இந்த நாட்டு ஆண்களிடம் முதலிடத்தில் நிற்பது வாய்ப் புற்றுநோய். வெற்றிலைக் கூட்டு, பாக்கு, புகையிலை ஆகியவற்றுக்கு அந்தப் புற்றுநோய் முகவரகத்தின் சந்தேகமே இல்லாத முதலாம் பிரிவு. புகையிலை சேர்க்காத வெற்றிலைக்கும் அதே பிரிவுதான். வயல் மருந்துகளில் அந்தப் பிரிவுக்குப் போனவை லிண்டேன் போல ஒன்றிரண்டே. இதைச் சொன்னால் சிலர் "அப்போ மருந்து பரவாயில்லை" என்று எழும்பிப் போய்விடுவார்கள். மருந்து பட்ட கையாலேயே வரம்பில் இருந்து வெற்றிலை மடிப்பவரை என்ன செய்வது? அவருக்கு இரண்டும் ஒரே வாயில்.

மாமாவைப் பற்றி: மகிழ்ச்சி. ஒரு மாமாவை வைத்து எதையும் நிறுவ முடியாது. அதற்காகத்தான் 89,000 பேரை எண்ண வேண்டியிருந்தது.

கேள்வி: உடம்பில் மருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க ஒரு டெஸ்ட் சொல்லுங்கள். தனியாரில் காசு கட்டியும் எடுக்கத் தயார். எங்கே போகவேண்டும்?
— கந்தளாய் வாசகர்

பதில்: காசை வைத்துக்கொள்ளுங்கள். கொலினெஸ்டரேஸ் என்று ஒரு இரத்தப் பரிசோதனை உண்டு. அது சில வகைப் பூச்சிநாசினிகள் அண்மையில் ஏறியதா என்று மட்டும் காட்டும். இருபது வருஷக் கணக்கையும் காட்டாது, புற்றுநோயையும் காட்டாது. சும்மா எடுக்கும் முழு உடம்பு ஸ்கானும் அப்படித்தான். அதில் தேவையில்லாத ஏதாவது ஒன்று தெரிந்து, அதற்குப் பின்னால் ஆறு மாதம் அலைவீர்கள்.

டெஸ்டுக்குப் பதிலாகக் கவனம். கழுத்தில், அக்குளில், கவட்டில் வலியில்லாமல் ஒரு நெறி கட்டி ஒரு மாதமாகியும் வற்றவில்லை என்றால் காட்டுங்கள். காரணமில்லாமல் மெலிவது, இரவில் படுக்கை நனைய வியர்ப்பது, இவற்றோடு சேர்ந்தால் உடனே. சிறுநீரில் இரத்தம் ஒரே ஒரு முறை வந்து தானாக நின்றுபோனாலும் காட்டத்தான் வேண்டும், நின்றதுதான் ஏமாற்றும். முதுகெலும்பு வலியும் இரத்தச் சோகையும் ஒன்றாக வந்தால், எலும்பு மச்சையில் வரும் மைலோமா என்ற புற்றுநோயை நினைக்கவேண்டும், விவசாயிகளிடம் கொஞ்சம் கூடுதலாகக் காணும் நோய் அது. வாயில் மூன்று வாரம் ஆறாத புண், வெள்ளைப் படை என்றால் பல் வைத்தியரிடம் போனாலே போதும்.

முதலில் பக்கத்து அரச வைத்தியசாலை. அங்கிருந்து துண்டு தந்து திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். புற்றுநோய் என்று உறுதியானால் சிகிச்சைக்கு மகரகம புற்றுநோய் வைத்தியசாலைவரை ஓட வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலும் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது.

கிளினிக்கில் தொழில் என்ன என்று கேட்டால் "விவசாயம்" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். எத்தனை வருஷமாக மருந்தடிக்கிறீர்கள், சொந்த வயலுக்கா கூலிக்கா என்று சொல்லுங்கள். மருந்துகளின் பெயர் நினைவில் நிற்காது, அது இயல்பு. இனிமேல் வாங்கும் ஒவ்வொரு போத்தலின் லேபலையும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். கடைப் பெயர் இருக்கும் முன்பக்கம் வேண்டாம், உள்ளே என்ன மருந்து என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும் பக்கம்.